உலகம் தோன்றிய விதம் பற்றிய நம்பிக்கை நம் வாழ்க்கையை மாற்றுமா?

புதுமனை புகுவிழாவோ வேறு சடங்கோ தொடங்கும்போது புரோகிதர் சொல்லும் சங்கல்பத்தைக் கவனித்துக் கேட்டால், அதற்குள் முழுப் பிரபஞ்ச வரலாறே அடங்கியிருப்பது தெரியும். பிரம்மாவின் ஆயுளில் இரண்டாம் பாதி, சுவேதவராக கற்பம், வைவஸ்வத மன்வந்தரம், அதன் இருபத்தெட்டாம் கலியுகம், அந்த யுகத்தின் முதல் பாதம் என்று காலத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, ஜம்பூத்வீபம், பாரத வர்ஷம் என்று இடத்தையும் குறுக்கி, கடைசியில் அன்றைய திதி, நட்சத்திரம், சடங்கு செய்விப்பவரின் கோத்திரம், பெயர் ஆகியவற்றில் அது வந்து நிற்கும். புராணக் கணக்கின்படி கலியுகம் 4,32,000 ஆண்டுகள். ஒரு கற்பம், அதாவது பிரம்மாவின் ஒரு பகல், 432 கோடி ஆண்டுகள். இவ்வளவு பெரிய காலக்கணக்கைக் காதால் கேட்டவர், சடங்கு முடிந்ததும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போதுமா என்று பார்க்கப் போகிறார். அந்த 432 கோடி 400 கோடியாக இருந்திருந்தாலும் அவருடைய அன்றைய பொழுதில் எதுவும் மாறியிருக்காது.

எருசலேமில் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் நிலைமை வேறு. யூத நெறியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் குடும்பங்களில், அந்த மாலை தொடங்கி மறுநாள் இரவு வானில் விண்மீன்கள் தெரியும்வரை எவரும் அடுப்பைப் பற்றவைப்பதில்லை, விளக்கைப் போடுவதுமில்லை, அணைப்பதுமில்லை, பேனாவைத் தொடுவதில்லை, காரை எடுப்பதில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிந்துவிடும் என்பதற்காக அந்த பல்பை முன்கூட்டியே கழற்றி வைத்துவிடுகிறார்கள். பல அடுக்குமாடிக் கட்டடங்களில், பொத்தானை யாரும் அழுத்தத் தேவையில்லாதபடி, லிஃப்ட் தானாகவே தளத்துக்குத் தளம் நின்று ஏறி இறங்குமாறு அமைத்திருக்கிறார்கள். நாட்டின் பெரிய விமான நிறுவனமான எல் ஆல் அந்த நாளில் பயணிகளை ஏற்றிப் பறப்பதில்லை. இந்த ஓய்வுநாளுக்கு விவிலியத்தின் இரண்டாம் நூலான யாத்திராகமம் சொல்லும் காரணம் ஒரு தோற்றக் கதை: கடவுள் ஆறு நாட்களில் வானத்தையும் பூமியையும் கடலையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார், ஆகவே மனிதரும் அந்த நாளில் ஓய்ந்திருக்க வேண்டும்.

உலகம் எப்படித் தோன்றியது என்பதைப் பற்றிய இரண்டு நம்பிக்கைகளில் ஒன்று காதில் விழுந்து கடந்துபோகிறது. மற்றொன்று ஒரு நகரத்தின் லிஃப்ட் ஓடும் முறையையே மாற்றுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோற்றக் கதை ஒருவருடைய மனத்தில் வெறும் கருத்தாக இருக்கும்வரை, அவருடைய வாழ்க்கையின்மேல் அதற்குள்ள பிடி மிகக் குறைவு. அந்தக் கதையோடு ஒரு நாள்காட்டியோ, ஒரு சட்டமோ, ஒரு நிலத்தின்மீதான உரிமையோ, மனிதரின் உயர்வு தாழ்வோ பிணைக்கப்பட்டுவிட்டால், அதை நம்பாதவருடைய வாழ்க்கையைக்கூட அது ஆளத் தொடங்கிவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள, தோற்ற நம்பிக்கை என்று நாம் சொல்வது உண்மையில் ஒரே நம்பிக்கை இல்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். உலகம் எப்படி, எப்போது உண்டானது என்பது அதன் ஒரு பகுதி மட்டுமே. மனிதர் எதனால் ஆனவர், மற்ற உயிர்களுக்கும் அவருக்கும் என்ன உறவு, இந்த மண்ணும் நீரும் யாருடையவை, இறந்தபின் என்ன நேரும் என்ற வேறு கேள்விகளுக்கான விடைகளும் பெரும்பாலும் அதே கதைக்குள் சேர்த்தே சொல்லப்படுகின்றன. ஒருவர் நடந்துகொள்ளும் முறையைத் தீர்மானிப்பது முதல் பகுதியா, பின்னால் வருபவையா என்று பிரித்துப் பார்க்காமல், ‘படைப்பை நம்புகிறவர் இப்படி நடப்பார், நம்பாதவர் அப்படி நடப்பார்’ என்று பேசுவது எங்கும் கொண்டு சேர்க்காது.

சமணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலகத்தை யாரும் படைக்கவில்லை, அது தொடக்கமும் முடிவும் இல்லாதது என்பது சமணக் கொள்கை. படைப்புக் கடவுள் என்ற கருத்தை 9-ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் தம் மகாபுராணத்தில் நேருக்கு நேர் மறுத்து வாதிட்டிருக்கிறார். ஆயினும் நடக்கும் பாதையைப் பூச்சி நசுங்காதபடி பெருக்கிக்கொண்டு நடப்பது, நீரை வடிகட்டிக் குடிப்பது, பொழுது சாய்ந்தபின் உண்ணாதிருப்பது என்று உயிருக்குத் தீங்கு செய்யாமையை இந்த அளவுக்குக் கொண்டுசென்ற சமயம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. அந்த ஒழுக்கத்துக்கு அடிப்படையாக இருப்பது, எவற்றுக்கெல்லாம் உயிர் உண்டு, செய்த வினை எப்படி ஒட்டிக்கொள்கிறது என்ற கொள்கைதான். உலகம் தோன்றிய கதை என்ற ஒன்றே அங்கு இல்லை.

இனி ஓய்வுநாளுக்கே திரும்பி, அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ‘ஏழாம் நாளில் வேலை செய்யாதே’ என்பது கட்டளை. ஆனால் எது வேலை? கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா இதற்கு விடையாக, ‘நாற்பதுக்கு ஒன்று குறைய’ என்று சொல்லி முப்பத்தொன்பது வேலைகளைப் பட்டியலிடுகிறது: உழுதல், விதைத்தல், அறுத்தல், மாவு பிசைதல், ஆட்டு உரோமம் கத்தரித்தல், நெய்தல், இரண்டு எழுத்தாவது எழுதுதல், தீ மூட்டுதல், தீயை அணைத்தல், ஓர் எல்லைக்குள்ளிருந்து மற்றோர் எல்லைக்குப் பொருளைச் சுமத்தல் என்று அது நீள்கிறது. மின்சாரம் வந்தபோது, சுவிட்சைப் போடுவது இவற்றுள் எதில் அடங்கும் என்று சமய அறிஞர்கள் விவாதித்தார்கள். அந்த விவாதத்தின் விளைவுதான் தானாக நின்று ஏறும் லிஃப்ட். உயிருக்கு ஆபத்து என்றால் இந்த விதிகளை மீறலாம், மீறியே ஆக வேண்டும் என்பதும் அதே சட்ட மரபின் தீர்ப்பு. ஆகவே படைப்பைச் சொல்லும் விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் சில வரிகளுக்கும் இன்றைய ஒரு லிஃப்ட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்காலச் சட்ட உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பு இல்லாவிட்டால், ஆறு நாள் படைப்பும் நம் சங்கல்பத்தைப் போலக் காதில் விழுந்து கடந்துபோயிருக்கக்கூடும்.

அதே ஏழு என்ற எண் வயலுக்கும் சென்றது. ஆறு ஆண்டுகள் பயிரிட்டு ஏழாம் ஆண்டில் நிலத்தைச் சும்மா விட வேண்டும் என்று லேவியராகமம் சொல்கிறது. யூத நாள்காட்டி ஆண்டுகளை உலகம் படைக்கப்பட்டதாகக் கருதும் காலத்திலிருந்து எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 5782-ஆம் ஆண்டு, அதாவது 2021 செப்டம்பர் முதல் 2022 செப்டம்பர் வரையிலான காலம், அப்படிப்பட்ட ஓய்வு ஆண்டாக இருந்தது. இஸ்ரேலில் சில உழவர்கள் அந்த ஆண்டில் உழவும் விதைக்கவும் இல்லை. வேறு பலர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சமய அறிஞர்கள் சிலர் கொடுத்த அனுமதியைப் பின்பற்றி, நிலத்தை யூதரல்லாதவர் ஒருவருக்கு அந்த ஆண்டுக்கு மட்டும் விற்றதாக எழுதிவைத்துவிட்டு வழக்கம்போலப் பயிரிட்டனர். இந்த வழி செல்லுமா செல்லாதா என்று இன்றும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஒரே கதையை நம்பும் இரண்டு உழவர்களின் வயல்கள் அடுத்தடுத்து இருந்தும், ஒன்று தரிசாகவும் மற்றொன்று பச்சையாகவும் இருப்பதற்குக் காரணம் பிழைப்பின் நெருக்கடியும் சட்ட விளக்கமும்தாம். நம்பிக்கையின் அளவைக் கொண்டு அதை விளக்கிவிட முடியாது.

இங்கே தொடக்கநிலை வாசகர் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் ஓய்வுநாளுக்குப் படைப்பைக் காரணம் காட்டுகிறது. உபாகமமோ, நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், உன் கடவுள் உன்னை அங்கிருந்து விடுவித்தார், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்று காரணம் சொல்கிறது. நடைமுறை ஒன்று, காரணம் இரண்டு. இதைப் படிக்கும்போது, நம்பிக்கை நடைமுறையைப் பிறப்பித்ததா, ஏற்கெனவே இருந்த நடைமுறைக்குக் காரணம் தேடப்பட்டதா என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. ஏழு நாள் வாரம் இந்தியாவுக்கு வந்த வழியிலும் படைப்புக் கதைக்கு இடமில்லை. ஏழு கோள்களின் வரிசையாகவே அது இங்கு வந்து நிலைபெற்றது.

கதையை அகற்றிவிட்டால் வழக்கமும் போய்விடுமா என்பதை இரண்டு அரசுகள் சோதித்துப் பார்த்தன. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793-இல் பத்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. 1806 தொடங்கும்போது அந்த நாள்காட்டியே கைவிடப்பட்டது. சோவியத் அரசு 1929-இல் ஐந்து நாள் சுழற்சியைப் புகுத்தித் தொழிலாளர்களைப் பிரிவு பிரிவாகப் பிரித்து வெவ்வேறு நாட்களில் விடுமுறை கொடுத்தது. கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறொரு நாள் என்று வீடுகள் சிதறின. 1931-இல் அது ஆறு நாளாகி, 1940-இல் பழைய ஏழு நாள் வாரமே திரும்பியது. படைப்புக் கதையை நம்பாத அரசும் மக்களும் அதன்பின் ஏழு நாள் கணக்கில்தான் வாழ்ந்தார்கள். ஒரு கதையோடு பிணைந்து வேரூன்றிய வழக்கம், கதையை நம்புவோர் குறைந்தபின்னும் நிற்கும்.

நம் நாட்டில் தோற்றக் கதை செய்த வேலை இதைவிடக் கடுமையானது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலுள்ள புருஷ சூக்தம், ஆதி புருஷனைத் தேவர்கள் வேள்வியில் பலியிட்டபோது உலகமும் உயிர்களும் தோன்றியதாகப் பாடுகிறது; அவனுடைய வாய் பிராமணன் ஆயிற்று, கைகள் அரசன் ஆயின, தொடைகள் வைசியன் ஆயின, பாதங்களிலிருந்து சூத்திரன் பிறந்தான் என்கிறது. பாடலாக மட்டும் இருந்திருந்தால் இது ஒரு பழைய கற்பனை. மனுஸ்மிருதி இதை முதல் அத்தியாயத்திலேயே எடுத்துக்கொண்டு, இந்தப் படைப்பு முழுவதையும் காக்கும்பொருட்டு வாய், கை, தொடை, பாதம் ஆகியவற்றில் பிறந்தவர்களுக்குத் தனித்தனித் தொழில்கள் விதிக்கப்பட்டன என்று எழுதுகிறது. எட்டாம் அத்தியாயத்தில், மேல் மூன்று வருணத்தாரான இருபிறப்பாளரைக் கடுஞ்சொல்லால் இழிவுபடுத்தும் சூத்திரனின் நாக்கை அறுக்க வேண்டும் என்று சொல்லி, அதற்குக் காரணமாக அவன் கீழான இடத்தில் தோன்றியவன் என்பதை வைக்கிறது. உலகம் எப்படித் தோன்றியது என்ற கதை ஒரு தண்டனைப் பிரிவுக்குள் காரணமாக நுழைந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அந்தத் தண்டனை எங்கே, எவ்வளவு நிறைவேற்றப்பட்டது என்பது வரலாற்றறிஞர்களின் விவாதம். அப்படி எழுதி வைத்ததும், அதைப் புனிதமென்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்ததும் விவாதத்துக்கு அப்பாற்பட்டவை.

இதே பத்தாம் மண்டலத்தில் வேறொரு தோற்றப் பாடலும் இருக்கிறது. நாசதீய சூக்தம் என்று அழைக்கப்படும் அது, தொடக்கத்தில் இருப்பதும் இல்லை, இல்லாததும் இல்லை என்று தொடங்கி, இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்பதை மேலான வானத்திலிருந்து கவனிப்பவன் அறிவான், அல்லது அவனும் அறியாமல் இருக்கலாம் என்று முடிகிறது. அதில் வாயும் இல்லை, பாதமும் இல்லை; யாரும் யாருக்கும் மேலானவர் இல்லை. ஒரே மண்டலத்தில் இருக்கும் இரண்டு தோற்றப் பாடல்களில் சட்ட நூலுக்குள் சென்றது ஒன்றுதான். எதை எடுப்பது, எதை விடுவது என்று தேர்ந்தவர்கள் மனிதர்கள். அந்தத் தேர்வில் அவர்களுக்கு ஆதாயம் இருந்தது. ஆகவேதான் சோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட குலாம்கிரி என்ற நூலில் பிரம்மாவின் உடலிலிருந்து மனிதர் பிறந்த கதையையே முதலில் கேள்விக்கு உட்படுத்தினார். அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதியை எரிக்கும் நிகழ்ச்சியை நடத்தினார். சூத்திரர்கள் யார் என்பதை ஆராய்ந்து 1946-இல் வெளியிட்ட நூலைப் புருஷ சூக்தத்திலிருந்தே தொடங்கினார். சமூக உரிமைக்குப் போராடிய இந்த இருவரும் ஒரு தோற்றக் கதையோடு மல்லுக்கட்டியது வீண் வேலை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதை தெருவையும் கிணற்றையும் பிரித்து வைக்கும் காரணமாகச் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது.

கதையை மாற்றினால் போதுமா என்று கேட்டால், போதாது என்பதற்கான சான்றும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கிறித்தவத்தின் தோற்றக் கதையில் எல்லா மனிதரும் ஆதாம் ஏவாளின் பிள்ளைகள். வாயிலும் பாதத்திலும் பிறந்தவர் எவரும் இல்லை. அந்தக் கதையை ஏற்றுக்கொண்டு தலைமுறைகள் கடந்தபின்னும் தமிழ்க் கிறித்தவர்களிடையே சாதி நீடித்தது. கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயராக இருந்த தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று 1833-இல் சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்றும் சில ஊர்களில் சாதிவாரியாகத் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கின்றன. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் முறை, நிலம் யார் கையில் இருக்கிறது என்பது, யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பது ஆகியவை மாறாதவரை, ஞாயிற்றுக்கிழமை கேட்கும் ஆதாமின் கதை கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரைத் தாண்டிச் செல்வதில்லை. எனக்கு இது வேதனை தரும் உண்மை. ஆனால் தோற்ற நம்பிக்கைகளின் ஆற்றலைப் பற்றிப் பேசும் எவரும் இந்தச் சுவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

இயற்கையோடு மனிதர் கொள்ளும் உறவிலும் இதே சிக்கல் தலைகாட்டுகிறது. அமெரிக்க வரலாற்றறிஞர் லின் ஒயிட் 1967-இல் சயன்ஸ் இதழில் எழுதிய ஒரு கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளுங்கள் என்று மனிதருக்குச் சொல்லும் ஆதியாகமத்தின் பார்வைதான், இயற்கையை மனிதருக்காகவே படைக்கப்பட்ட பொருளாகக் கருதும் மனப்பான்மையை மேற்கில் வளர்த்தது என்பது அவருடைய வாதம். அடுத்த ஆண்டே புவியியலாளர் யி-ஃபூ துவான் சீனாவைச் சுட்டிக்காட்டினார்: இயற்கையோடு இயைந்து வாழ்வதைப் போற்றிய மரபு அங்கே செழித்திருந்தும், காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டே இருந்தன. மேலும், அதே ஆதியாகமத்தின் அடுத்த அத்தியாயத்தில், தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் அங்கே வைக்கப்பட்டதாக வருகிறது. ஆளச் சொல்லும் வரியும் காக்கச் சொல்லும் வரியும் ஒரே நூலில் இருக்கும்போது, எந்த வரி எந்தக் காலத்தில் மேலெழுகிறது என்பதற்கான காரணத்தை மரத்தின் விலையிலும் நிலத்தின் தேவையிலும்கூடத் தேட வேண்டியிருக்கிறது.

நியூசிலாந்தின் மாவோரி மக்களின் தோற்றக் கதையில் வானத் தந்தை ரங்கிநுயியும் பூமித் தாய் பாப்பாதுஆநுகுவும் இறுகத் தழுவிக் கிடக்கிறார்கள். நடுவே இருட்டில் நெருக்குண்டு கிடந்த பிள்ளைகளில் ஒருவனான ‘தானே’ என்ற பெயருடையவன், தந்தையை மேலே தள்ளி இருவரையும் பிரிக்க, ஒளி உள்ளே வருகிறது. காடுகள் தானேயைச் சேர்ந்தவை. மனிதரும் அவன் வழி வந்தவர்கள். ஆகவே மலை, ஆறு, மரம், மனிதர் ஆகிய அனைத்தும் ஒரே கொடிவழியில் வருகின்றன. வாங்கனுயி ஆற்றங்கரை மக்கள், ‘நானே ஆறு, ஆறே நான்’ என்று சொல்வது இந்த உறவுமுறையின் நேர்ப்பொருளில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அந்த ஆற்றின்மீதான தங்கள் உரிமைக்காக அவர்கள் மனுக்கொடுத்தும் வழக்காடியும் வந்தார்கள். அதன் முடிவாக 2017-இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, மலையிலிருந்து கடல்வரை ஏறத்தாழ 290 கி.மீ. ஓடும் அந்த ஆற்றை, அதன் கிளையாறுகளோடும் புலப்படும் கூறுகளோடும் புலப்படாத கூறுகளோடும் பிரிக்க முடியாத ஓர் உயிருள்ள முழுமையாக ஏற்று, அதற்குச் சட்டத்தின் முன் நபர் என்ற தகுதியைக் கொடுத்தது. ஆற்றின் சார்பில் பேச இருவர் நியமிக்கப்படுகிறார்கள். ஒருவரை அரசும் மற்றவரை ஆற்றோடு உறவுள்ள மாவோரிக் குலங்களும் முன்மொழிகின்றன. இழப்பீடாக 8 கோடி நியூசிலாந்து டாலரும் ஆற்றின் நலனுக்கான நிதியாக 3 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டன.

ஒரு தோற்றக் கதை நவீனச் சட்டத்தின் சொற்களாகவே மாறிய அரிய நிகழ்வு இது. ஆயினும் அதே சட்டம் ஏற்கெனவே இருந்த தனியார் சொத்துரிமைகளைத் தொடவில்லை. ஆற்றின் மேற்பகுதி நீரை டொங்கரீரோ மின்திட்டத்துக்குத் திருப்புவதும் அதனால் நின்றுவிடவில்லை. இன்னும் பின்னோக்கிச் சென்றால், மாவோரிகளின் முன்னோர்கள் 13-ஆம் நூற்றாண்டை ஒட்டி அந்தத் தீவுகளுக்கு வந்து சேர்ந்தபின், பறக்காத பெரும்பறவையான மோவாவின் ஒன்பது வகைகளும் வேட்டையால் அழிந்துபோயின. பெரும் பரப்பில் காடுகள் எரிந்தன. இதைக் குறை சொல்வதற்காகக் குறிப்பிடவில்லை; புதிய நிலத்தில் குடியேறிய மனிதர்கள் உலகெங்கும் இதையே செய்திருக்கிறார்கள். காடும் பறவையும் உறவினர் என்ற எண்ணம் அழிவை முன்கூட்டியே தடுக்கவில்லை என்றால், அந்த எண்ணத்தின் இன்றைய உறுதிக்கு, இழந்ததைக் கண்ட பட்டறிவும் நிலம் பறிபோன துயரமும் உரம் சேர்த்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம்பிக்கை வாழ்க்கையை வடிவமைக்கிறது என்று ஒரு திசையில் மட்டும் அம்புக்குறி போட முடியாது.

படைத்தவன் ஒருவன் உண்டு என்று நம்புகிறவர் எல்லாவற்றையும் அவன் விருப்பம் என்று ஏற்றுக்கொண்டு அடங்கிப்போவார் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அப்படி அடங்கியவர்கள் உண்டுதான். ஆனால் திருக்குறளின் இரவச்சம் அதிகாரம் அதே நம்பிக்கையின் சொல்லாட்சியிலிருந்து நேர் எதிரான இடத்துக்குச் செல்கிறது: ‘இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்.’ பிச்சை எடுத்துத்தான் ஒருவர் உயிர்வாழ வேண்டும் என்று விதித்திருந்தால், உலகத்தைப் படைத்தவனே அப்படி அலைந்து கெடட்டும் என்கிற இந்தக் குறளில் வறுமைக்குச் சமாதானம் எதுவும் சொல்லப்படவில்லை. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் அடுத்த வீட்டில் மணமுழவும் ஒலிக்கும் உலகைப் பார்த்து, ‘படைத்தோன் மன்ற அப் பண்பி லாளன்’ என்று பாடினார். இன்னாத உலகில் இனியவற்றைக் காணுங்கள் என்று அவர் அடுத்துச் சொல்லும் அறிவுரை, படைத்தவனின் பண்பை நம்பிச் சொல்லப்பட்டதன்று. உலகின் இயல்பை உணர்ந்தவர்களிடம் சொல்லப்பட்டது.

தனிமனித அளவில் தோற்ற நம்பிக்கை எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஜார்ஜ் லெமெட்ரின் வாழ்க்கையை எண்ணிப் பார்க்கலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த அவர் கத்தோலிக்கக் குருவாகவும் இயற்பியலாளராகவும் இருந்தார். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்பதை 1927-இல் கணித வழியில் காட்டி, எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931-இல் முன்மொழிந்தவர் அவர். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்தப் புதிய அறிவியல் படைப்பின் தொடக்கத்துக்குச் சான்று தருவதைப் போலப் பேசியபோது, லெமெட்ர் அதை விரும்பவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. மறுபுறம், சமய நம்பிக்கையற்ற வானியலாளர் ஃபிரெட் ஹாயில், தொடக்கமே இல்லாத நிலைத்த பிரபஞ்சத்தை 1948-இல் முன்வைத்தார். இருவரும் நம்பியவை வேறு. வேலை செய்த முறை ஒன்றே: கணக்குப் போட்டார்கள், வானத்தின் அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள். 1965-இல், சூடான தொடக்கத்தின் எச்சமான பிரபஞ்சப் பின்புலக் கதிர்வீச்சு கண்டறியப்பட்டபோது வாதம் லெமெட்ரின் பக்கம் சாய்ந்தது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டதால் மட்டுமே எவரும் அண்டை வீட்டாரிடம் வேறுவிதமாக நடந்துகொண்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கேள்வியை நம்மைவிட வெகுகாலம் முன்பே நேராகச் சந்தித்தவர் புத்தர். பாலி நூல்களில் மாலுங்கியபுத்தர் என்ற துறவி அவரிடம் வந்து, உலகம் நிலையானதா, நிலையற்றதா, அதற்கு எல்லை உண்டா, இல்லையா என்பவற்றைச் சொன்னால்தான் உம்மிடம் இருப்பேன், இல்லாவிட்டால் துறவையே விட்டுப் போய்விடுவேன் என்கிறார். நச்சு அம்பு தைத்த ஒருவன், எய்தவன் எந்தக் குலத்தவன், வில் எந்த மரத்தால் ஆனது, நாண் எதனால் திரித்தது என்பதையெல்லாம் அறியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால், அறிவதற்கு முன் செத்துப்போவான் என்று புத்தர் விடையளிக்கிறார். உலகம் நிலையானது என்றாலும், நிலையற்றது என்றாலும், பிறப்பும் மூப்பும் சாவும் துயரமும் இருக்கவே செய்கின்றன. நல்வாழ்க்கை அந்தக் கேள்வியின் விடையைச் சார்ந்ததன்று என்பது அவர் முடிவு.

இத்தோடு நின்றிருந்தால் புத்தரின் விடை ‘தோற்றக் கதைகளால் பயனில்லை’ என்பதாக இருந்திருக்கும். ஆனால் அக்கஞ்ஞ சுத்தம் என்ற பாலி உரையில் அதே புத்தர் ஒரு நீண்ட தோற்றக் கதையைத் தாமே சொல்கிறார். அங்கே அவர்முன் இருப்பவர்கள் வாசெட்டர், பாரத்வாசர் என்ற இருவர். பிராமணக் குடியில் பிறந்து துறவுநெறிக்கு வந்தவர்கள். நாங்கள் பிரம்மாவின் வாயில் பிறந்தவர்கள், நீங்களோ அவர் பாதத்தில் பிறந்தவர்களோடு போய்ச் சேர்ந்தீர்கள் என்று சொந்தக் குடியினர் அவர்களைத் திட்டுகிறார்கள். பிராமணப் பெண்கள் பூப்படைவதையும் கருவுறுவதையும் பெறுவதையும் பாலூட்டுவதையும் எல்லாரும் பார்க்கிறோமே என்று தொடங்கும் புத்தர், தொடக்கத்தில் ஒளியுடலோடு மிதந்த உயிர்கள் மண்ணின் சாரத்தைச் சுவைத்துப் பருவுடல் பெற்றதையும், உமியில்லாமல் தானே விளைந்த நெல்லைச் சிலர் சோம்பலால் சேர்த்து வைக்கத் தொடங்கியதையும், நெல்லில் உமி படர்ந்து, வயல்களுக்கு வரப்பு வந்து, வரப்பு வந்தபின் திருட்டு வந்ததையும், திருட்டைத் தடுக்க எல்லாரும் கூடித் தங்களுள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்து தங்கள் நெல்லில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்க இசைந்ததையும் விவரிக்கிறார். நான்கு பிரிவினரும் அந்த ஒரே கூட்டத்திலிருந்துதான் வந்தார்கள்; அவர்களைப் பிரித்தது அவரவர் மேற்கொண்ட வேலை. மாலுங்கியபுத்தர் கேட்டபோது விடை சொல்ல மறுத்த அவர் இங்கே இவ்வளவு விரிவாகப் பேசியதற்குக் காரணம் சூழ்நிலையிலேயே இருக்கிறது: முன்னவரின் கேள்வியில் எவருடைய மானமும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை, வாசெட்டரையும் பாரத்வாசரையும் தாழ்த்துவதற்கோ ஒரு தோற்றக் கதையே கையில் எடுக்கப்பட்டிருந்தது.